ஈப்போவில் அப்பாவின் பெயரோடு

"ஏம்மா அங்கம்மா, கம்ப்யூட்டர் ரூம்ல நாள் பூரா ஏசி ஓடும். ஓட்டு வீட்டுல வளர்ந்த உடம்பு தாங்குமா?"

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் துறைத் தலைவர் கேட்டது இது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "தாங்கும் சார்" என்றேன். எங்களுடையது ஓட்டு வீடு அல்ல, கூரை வீடு என்று நான் திருத்தவில்லை. எல்லோரையும்போலச் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அந்த அறையில் பெண் செருப்பு அன்றிலிருந்து ஒரு ஜோடிதான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கணக்கில் முதுகலை முடித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். பொருள்களை வரிசைப்படுத்துவதில் எனக்குச் சிறுவயது முதலே ஒரு பித்து உண்டு. கோவையில் ஒரு மில்லுக்குச் சம்பளப் பட்டியல் போடும் நிரலை நான்தான் எழுதினேன். கலைந்து கிடக்கும் ஆயிரம் பெயர்களைக் கொடுத்தால் அகர வரிசையில் அடுக்கிக் கொடுக்கும். அச்சடித்த தாள் சரசரவென்று வெளியே வரும்போது எனக்கு வரும் பெருமையை நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

எனக்கு வேண்டியது ஆராய்ச்சிப் பட்டம். அது இல்லாமல் பேராசிரியர் ஆக முடியாது. வேலையில் இருந்துகொண்டே சேரத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அவர் இரண்டு வருடமாகப் "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மலேசியாவில் ஈப்போவிலுள்ள ஒரு தனியார் கல்லூரி, அலுவலக குமாஸ்தாக்களுக்கு ஒரு மாதம் கம்ப்யூட்டர் பாடம் நடத்த ஆள் கேட்டு எழுதியது. போகவேண்டியவர் துபாயில் வேலை கிடைத்துப் பறந்துவிட்டார். தலைவர் என்னைக் கூப்பிட்டார். "நீ போய்ட்டு வா. அடுத்த வருஷமும் உன்னையே அனுப்பச் சொல்லி அவங்க எழுதட்டும். கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

எழுதமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுத வைக்கிறேன் என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஈப்போ என்றதும் அப்பா தலையை நிமிர்த்திப் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்தில்தான், சித்தியவானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. வேலை பெர்மிட் கிடைக்காமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். எனக்குப் பத்து வயதில் திடீரென்று வீட்டு வாசலில் வந்து நின்ற ஆள். அந்த ஊரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் கிளம்பும்போதும் ஒன்றுதான் சொன்னார். "அங்க மழை பெய்யும். குடை எடுத்துக்க."

ஈப்போ பஸ் நிலையத்தில் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. ஊரைச் சுற்றி நின்ற வெள்ளைச் சுண்ணாம்பு மலைகள் பாதிக்கு மேல் தெரியவில்லை. கூரைக்குக் கீழே நடுவயதுக்காரர் ஒருவர் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் பெருமாள் என்று இருந்தது. அவர் கண் என் தலைக்கு மேலே யாரையோ தேடிக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன்.

"சாரு வீட்டுக்காரங்களா? சாரு எங்க, பெட்டி எடுக்கிறாரா?"

"சார் யாரும் இல்லைங்க. பாடம் எடுக்க வந்தது நான்."

"ஐயோ, அப்ப பெருமாளு?"

"அது எங்கப்பா."

"அப்பாவும் வாராரா?"

நடந்தது இதுதான். ஊரில் நான் பெ. அங்கம்மாள். பாஸ்போர்ட் அலுவலகத்தில் அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா முழுதாக முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார், நான் பின்னால் போனேன். எங்கள் துறை எழுத்தர் பின்னால் இருந்த என்னை ஓர் எழுத்தாகச் சுருக்கிப் 'பெருமாள் ஏ.' என்று ஈப்போவுக்கு எழுதிவிட்டார். அவர்கள் ஆறுமுகத்தின் மகன் பெருமாளையோ, அண்ணாமலையின் மகன் பெருமாளையோ எதிர்பார்த்திருக்கிறார்கள்.

அட்டை பிடித்திருந்தவர் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மைக்கேல் அண்ணன். காடியை ஓட்டிக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். அங்கே காரைக் காடி என்கிறார்கள், பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுகிறார்கள். "டீச்சர், ஒங்களுக்கு ரூம் போட்டது ஆம்பள வாத்தியாருங்க வீட்டுல லா! ஒரு சர்தார்ஜி வேற இருக்காரு, கொறட்ட விடுவாரு. இப்ப என்னா செய்யிறது?"

அவரே அலைந்து, பழைய கடைவீட்டு மாடி ஒன்றில் எனக்கு அறை பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்காரி கந்தோனீஸ் பேசும் சீன அம்மாள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. காலையில் படியில் பார்த்தால் சோற்றை வாயில் போடுவதுபோல் சைகை காட்டிப் புருவத்தை உயர்த்துவார். நான் தலையாட்டுவேன். ஒரு மாதமும் எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

தமிழர்கள் அதையே "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டார்கள். நான் பசியாறியது கீழே முனையில், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்திய மாமாக் கடையில். ரொட்டி சானாய் என்று நம் பரோட்டாவின் தம்பி ஒன்று தருகிறார்கள். கெட்டிப்பால் ஊற்றிய தேநீர் தித்திப்பில் பல்லைக் கூசவைத்தது. இரவில் சீனக் கடையில் கோழியும் முளைப்பயறும். அந்தக் கடைகளில் மேசைகள் வட்டமாகப் பெரிதாக இருக்கும், ஒரு குடும்பமே சுற்றி உட்காரும். நான் ஒரு விரலைக் காட்டுவேன். பரிமாறுபவர் என்னைச் சுவர் ஓரமாக, காலிப் புட்டிகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பக்கத்துச் சிறு மேசைக்குக் கூட்டிப் போவார்.

கோவையில் ஒரு பெண் தனியாக ஓட்டலுக்குள் நுழைந்தால் சர்வர் முதல் சாம்பார் வாளி வரை திரும்பிப் பார்க்கும். இங்கே யாரும் பார்க்கவில்லை. முதல் வாரம் அது பெரிய சுதந்திரமாக இருந்தது. இரண்டாம் வாரம் யாராவது பார்த்தால் தேவலை என்று இருந்தது.

வகுப்பு மாலையில். நம் ஊரில் அறை நிறைய நிற்கும் இயந்திரத்தைச் சாமியைப்போலக் குளிரில் வைத்திருக்கிறோம். அங்கே மேசைமேல் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள், பச்சை எழுத்துத் திரை, மேலே சாதாரண மின்விசிறி. ஏசி இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும், கம்ப்யூட்டருக்குச் சளி பிடிக்கவில்லை. தலைவருக்கு இதை எழுதலாமா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். சிரிப்பைப் பங்குபோட ஆள் இல்லை.

மாணவர்கள் எல்லோரும் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். என் வயதுக்காரர்கள், சிலர் மூத்தவர்கள். முன் வரிசையில் குணசேகரன். தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியின் ஈப்போ ஆபீசில் குமாஸ்தா, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குப் பக்கத்தில் வோங், ஒரு ஈயக் கம்பெனியில் கணக்கு எழுதுபவன். இருவரும் பேசாமல் இருந்தால் வகுப்பு நடக்கும்.

அட்டவணையில், அறைக் கதவில், தேநீர்க் கணக்கில், எல்லாவற்றிலும் நான் பெருமாள்தான். பிரின்சிபல் மிகவும் மரியாதையான மனிதர், வணக்கம் சொல்லும்போதே 'மிஸ் பெருமாள்' என்பார். "என் பெயர் அங்கம்மாள், பெருமாள் என் தந்தை" என்று இருமுறை சொன்னேன். "நல்லது, மிஸ் பெருமாள்" என்றார். வோங்குக்கும் நான் மிஸ் பெருமாள். தமிழர்களுக்கு டீச்சர். மூன்றாம் வாரத்தில் ஒருநாள் தலை வாரும்போது திடீரென்று உறைத்தது. ஈப்போவில் இதுவரை ஒருவர்கூட என் பெயரைச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்து நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுவதுபோல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியவானுக்குக் கிளம்பினேன். அப்பா வேலை பார்த்த தோட்டத்தின் பெயர் மட்டும் தெரியும். மைக்கேல் அண்ணன் கோயிலுக்குப் போகவேண்டியிருந்ததால் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். "சித்தியவான் வந்ததும் எறங்கிருங்க டீச்சர், தூங்கிறாதீங்க லா."

தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் நின்றிருந்தது, எதிரே கடல். சித்தியவானைத் தாண்டி லூமுட் துறைமுகம். பங்கோர் தீவுக்குப் போகும் படகுகளில் குடும்பம் குடும்பமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சீருடைக் கடற்படைக்காரர்கள் ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். "தீவுக்கா?" என்று டிக்கெட்காரர் மலாயில் கேட்டார். இல்லை என்று கையாட்டினேன். பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் இரண்டு பேராகவாவது பார்க்க வேண்டிய இடம். அடுத்த பஸ்ஸில் திரும்பிவந்து, சித்தியவானில் முகம் தெரியாத மூவரோடு ஒரு வாடகைக் காரில் நெருக்கி உட்கார்ந்து, தோட்ட முகப்பில் இறங்கினேன்.

ரப்பர் தோட்டம் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, எண்ணெய்க்காக நடும் பனை. பால்மரங்களை எப்போதோ வெட்டிச் சாய்த்துவிட்டார்களாம். ரோட்டோரத்தில் ஒரு பலகாரக் கடை இருந்தது. வடை சுட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும், அவரை மாரியக்கா என்று கூப்பிட்டார்கள். பெருமாள் என்பவரின் மகள் நான், கோவையிலிருந்து வருகிறேன் என்றேன்.

"எந்தப் பெருமாளு?"

"இங்கே பால்மரம் வெட்டியவர். பெர்மிட் இல்லாமல் ஊருக்கு வந்துவிட்டார்."

"அப்படிப் போன பெருமாளே நாலு பேரு இருக்காங்களே, தங்கச்சி. கட்டப் பெருமாளா, செவத்தப் பெருமாளா, வாத்தியார் பெருமாளா, ஊமப் பெருமாளா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பா குட்டையும் இல்லை நெட்டையும் இல்லை. சிவப்பு நிச்சயமாக இல்லை. அப்பாவின் அப்பா பெயரைச் சொன்னேன். மாரியக்கா உதட்டைப் பிதுக்கினார். "அதெல்லாம் ஆபீஸ் கிராணி செக்ரோல் ஏட்டுல எழுதுறது. நமக்கு என்னா தெரியும்? நீ ஆள எப்படிக் கூப்பிட்டாங்கன்னு சொல்லு."

பக்கத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "பெத்த அப்பன எப்படிக் கூப்பிட்டாங்கன்னு தெரியாம அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்துருச்சா பொண்ணு?"

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு, "ஊமைப் பெருமாளுக்குப் பேச வராதா?" என்று கேட்டேன்.

"சேச்சே, நல்லா பேசுவாரு. காலையில பெரட்டுல மண்டோரு பேரக் கூப்பிட்டு ஏதாச்சும் ஏசுனா மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு. எம்மாம் ஏசுனாலும் சரி. பாத்துக்கிட்டே நிப்பாரு. மண்டோருக்கு அதுலதான் ரத்தம் கொதிக்கும்."

மண்டோர் என்றால் கங்காணி. பெரட்டு என்பது இருட்டு விலகுமுன் தொழிலாளர்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம். அது எங்கே என்று கேட்டேன். கரண்டியால் செம்பனைக்குள் காட்டினார். அங்கேயும் செம்பனைதான் நின்றது. காசு கொடுத்தபோது வாங்கவில்லை. "எந்தப் பெருமாளு மகளா இருந்தா என்னா, நம்ம தோட்டத்துப் புள்ளதான" என்று நான்கு வடைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அதைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். கூரை வீடு என்று நான் திருத்தாமல் நின்றது ஏனோ நினைவுக்கு வந்தது. ஊமைப் பெருமாளாக இருக்கட்டும் என்று மனம் ஆசைப்பட்டது. ஆனால் ஆசைப்படுவது அடையாளம் ஆகாது.

கடைசி வாரத்தில் செய்முறைக் காட்சி. பிரின்சிபல், குணசேகரனின் கம்பெனி மேலாளரை அழைத்திருந்தார். கம்பெனியின் ஊழியர் பெயர்களைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் வரிசைப்படுத்திச் சம்பளப் பட்டியல் அடித்துத் தரும், இது மேலாளருக்குப் பிடித்தால் அடுத்த வருடம் கம்பெனியே பத்துப் பேரை அனுப்பும், கல்லூரி மறுபடியும் என்னைக் கேட்டு எழுதும். எனக்கு எல்லாம் அந்த ஒரு மாலையில் இருந்தது. மில்லில் ஓடிய என் நிரலையே புது இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றி, பத்து முறை சோதித்திருந்தேன்.

சோதித்தது எனக்குத் தெரிந்த பெயர்களை வைத்து. கே. ராமன், எம். துரைசாமி. முன்னால் அப்பாவின் எழுத்து, கடைசியில் ஆளின் பெயர். நம் ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான். அதனால் என் நிரல் கடைசிச் சொல்லை எடுத்துக்கொள்ளும், முன்னால் உள்ளதை ஒதுக்கிவிடும்.

அன்று மாணவர்கள் கம்பெனியின் உண்மையான பட்டியலைத் தட்டச்சு செய்து உள்ளே கொடுத்தார்கள். அச்சு இயந்திரம் கிறீச்சிட்டுக்கொண்டு தாளை வெளியே தள்ளியது. குணசேகரன் ஆவலோடு கிழித்து எடுத்தான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"டீச்சர், இதுல நான் இல்லையே. முனுசாமின்னு இருக்கு. அது எங்கப்பா."

யாருக்கும் சட்டென்று புரியவில்லை. அவனே தொடர்ந்தான். "எங்கப்பா செத்துப் பல வருஷம் ஆச்சு லா. சம்பளம் போட்டிருக்கீங்க, சரி. கையெழுத்து யாரு போடுறது?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மலேசியாவில் ஆளின் பெயர் முன்னால் வரும். குணசேகரன், முனுசாமியின் மகன். ரஹீம், ஒஸ்மானின் மகன். என் நிரல் மகன்களை எல்லாம் தள்ளிவிட்டு அப்பன்களைப் பெயர் கூப்பிட்டு நிறுத்தியிருந்தது. முனுசாமி, ஒஸ்மான், வீரப்பன், சுப்பையா. பாதிப்பேர் தோட்டத்தில் வாழ்ந்து தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்தவர்களாம். தாளில் அகர வரிசை பிசகாமல் பெரட்டுக்கு நின்றார்கள்.

வோங் தாளில் இருந்த சீனப் பெயர்களைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னான்: "எங்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும், மிஸ் பெருமாள். எங்கள் குடும்பத்தையே வெட்டிவிட்டீர்கள். இனி நாங்கள் எல்லாம் அனாதை."

மேலாளர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். வாசல்வரை அவரை அனுப்பிவிட்டு வந்த பிரின்சிபல் என்னிடம் கடுமையாக எதுவும் பேசவில்லை. "நீங்கள் நன்றாகத்தான் சொல்லித் தந்தீர்கள். அடுத்த வருடம் சற்று அனுபவமுள்ள ஓர் ஆணை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று இருக்கிறேன், மிஸ் பெருமாள்."

நான் வாயைத் திறக்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எல்லோரும் போனபின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அறைக்கு நடந்தேன். மழை இல்லை. சீனக் கடை வட்ட மேசைகளில் ஞாயிற்றுக்கிழமைபோலக் கூட்டம். சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்கு வலித்தது பிரின்சிபலின் சொல் மட்டுமல்ல. ஒரு மாதமாக அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்களே என்று புழுங்கினேன். அதையே ஓர் ஆபீஸ் முழுவதற்கும் நான் செய்திருக்கிறேன். இயந்திரம் தவறு செய்யவில்லை. எல்லா ஊரும் என் ஊர் என்று நான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

மிச்சமிருந்த இரண்டு மாலைகளும் வகுப்பு உண்டா என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் வந்துவிட்டார்கள். பெயரைப் பிரிக்காமல் அவரவர் சொல்கிறபடியே முழுதாக வைத்துக்கொள்வது, ஆளின் பெயர் எந்தச் சொல் என்பதைத் தனியாகக் குறித்துவிடுவது என்று மாற்றினோம். பட்டியல் சரியாக வந்தது. குணசேகரன் தன் பெயரைத் தொட்டுப் பார்த்து, "வந்துட்டேன் டீச்சர்" என்றான். அதைப் பார்க்க மேலாளர் இல்லை.

ஆனால் அந்தப் பட்டியலிலேயே இரண்டு ரஹீம்கள், இருவருக்கும் அப்பா ஒஸ்மான். "இதுல நம்ம ரஹீம் எது?" என்றான் குணசேகரன். நான் மாரியக்காவின் நான்கு பெருமாள்களை நினைத்தேன். பெயர் ஒன்று, அப்பா பெயர்கூட ஒன்றாக இருக்கலாம். ஆனாலும் கூப்பிடுகிற மனிதர்களுக்கு யார் யார் என்று தெரிகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. எண் கொடுத்துவிடலாம்தான், தோட்டத்திலும் கொடுத்தார்கள். எண் தெரியாமல் வந்து நிற்கும் மகளுக்கு அது எப்படி உதவும்? ஒரே பெயருள்ள பலருக்குள் ஒருவரைக் கண்டுபிடிப்பது எப்படி? இரண்டு வருடமாக ஆராய்ச்சி, ஆராய்ச்சி என்று தலைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேனே தவிர, எதைப் பற்றி என்று எனக்கே அதுவரை தெரியாது.

துறை வழியாக விண்ணப்பிக்கத்தான் தலைவரின் கையெழுத்து வேண்டும். வேலையை விட்டுவிட்டு முழுநேர மாணவியாகச் சேருபவளுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம், உதவித்தொகைதான் சம்பளத்தில் பாதிகூட வராது. வீட்டில் என் சம்பளத்தை நம்பி இருப்பவர்களை நினைத்தேன். கூரையை இந்த வருடமும் மாற்ற முடியாது. நினைத்துக்கொண்டே எழுதி முடித்தேன். மெட்ராஸில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு என் விண்ணப்பம் ஒரு உறை, எங்கள் கல்லூரிக்கு என் ராஜினாமா ஒரு உறை.

புறப்படும் நாள் காலையில், மைக்கேல் அண்ணன் காடியை எடுத்துவருமுன், தபாலாபீசுக்குப் போனேன். அனுப்புநர் பெயர் எழுதும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு அந்த ஊர் வழக்கப்படியே எழுதினேன். அங்கம்மாள், பெருமாளின் மகள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மலாய்ப் பெண் உறைகளை எடை போட்டு முத்திரை குத்தினார். ரசீதில் எழுதுவதற்காக என் எழுத்தைக் குனிந்து பார்த்தார்.

"அங்கம்மாள்?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றேன்.